பூச்சிமருந்து நஞ்சும் ரத்தத்தில் உள்ள காவல் நொதியும்: தெளிப்பவர்கள் அறிய வேண்டியவை

மருந்து அடித்துவிட்டு வீடு திரும்பியதும் தலைவலி, கண் மங்கல், வாயில் எச்சில் ஊறுதல், வயிற்றுப் பிசைவு, உடல் சோர்வு ஆகியவை வருவதுண்டு. பலர் இதை வெயில் தாக்கம் என்று எண்ணி, மோர் குடித்துப் படுத்துவிட்டு மறுநாள் மீண்டும் தெளிப்பானைத் தூக்குகிறார்கள். ஆனால் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தெளித்த அன்று இந்த அறிகுறிகள் தெரிந்தால், உங்கள் உடலில் உள்ள ஒரு முக்கியமான நொதி செயலிழக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இந்த நஞ்சை நொதியைக் கொண்டே முறிக்க முடியுமா என்று உலகெங்கும் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி நடந்து வருகிறது. அந்த ஆராய்ச்சி எதுவரை வந்துள்ளது, அது விவசாயிக்கு இன்று பயன்படுமா, உடலில் இயற்கையாக உள்ள நொதியைக் காத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்பவை இந்தக் கட்டுரையில் விளக்கப்பட்டுள்ளன.

போர் நஞ்சும் பூச்சிமருந்தும் ஒரே குடும்பம்

1936 டிசம்பரில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் புதிய பூச்சிக்கொல்லி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் உருவாக்கிய ஒரு சேர்மம் பூச்சிகளை உடனே கொன்றது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் சிறிதளவு சிந்தியபோதே அவருக்கும் உதவியாளருக்கும் கண்மணி சுருங்கி மூச்சு முட்டியது. அதுதான் 'டாபுன்' எனப்படும் முதல் நரம்பு நஞ்சு. அதைப் போர்க் கருவியாக்க ராணுவம் எடுத்துக்கொண்டது. 1938இல் சாரின் வந்தது. அதே ஷ்ராடர் 1944இல் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியையும் உருவாக்கினார்.

நம் கடைகளில் விற்கும் அல்லது முன்பு விற்ற குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், புரபனோபாஸ், அசிபேட், டைமெத்தோயேட், மாலத்தியான், மோனோகுரோட்டோபாஸ் ஆகிய அனைத்தும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வீரியத்தில் போர் நஞ்சுக்கும் இவற்றுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆனால் உடலில் தாக்கும் இடம் ஒன்றுதான். அதனால்தான் போர் வீரர்களுக்காக நடக்கும் ஆராய்ச்சி விவசாயிக்கும் தொடர்புடையதாகிறது.

உடலில் என்ன நடக்கிறது?

நொதி என்பது உடலில் வேதிமாற்றங்களை விரைவாக நடத்தித் தரும் ஒரு வகைப் புரதம். சோற்றை மெல்ல மெல்ல இனிப்பதும், பப்பாளிக்காய்ப் பால் கறியை மிருதுவாக்குவதும் நொதியின் வேலைதான்.

நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை போவதை வாய்க்காலில் மடை திறப்பதுபோல் எண்ணிக்கொள்ளுங்கள். நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரக்கிறது. அது தசையைத் தொட்டதும் தசை சுருங்குகிறது. வேலை முடிந்ததும் மடையை அடைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. அது அசிட்டைல்கோலினை நொடிப்பொழுதில் உடைத்துவிடும்.

ஆர்கனோபாஸ்பேட் மருந்து இந்த நொதியைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. மடை அடைபடாமல் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கிறது. அதன் விளைவுகள் இவை:

- கண்ணீர், எச்சில், வியர்வை, மூக்கில் நீர் ஆகியவை அளவுக்கு மீறிச் சுரத்தல்
- கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கிப் பார்வை மங்குதல்
- வாந்தி, வயிற்றுப்போக்கு, தன்னையறியாமல் சிறுநீர் கழிதல்
- தசைத் துடிப்பு, பின்னர் தசைத் தளர்ச்சி
- நெஞ்சில் சளி நிறைந்து மூச்சுத்திணறல், நாடித்துடிப்பு குறைதல், வலிப்பு, நினைவிழப்பு

பெரும்பாலான உயிரிழப்புகளுக்கு மூச்சு நின்றுபோவதே காரணம்.

குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் போன்றவை உடலுக்குள் போனபின் கல்லீரலில் மாற்றமடைந்த பிறகே முழு வீரியம் பெறுகின்றன. ஆகவே காலையில் தெளித்தவருக்கு மாலையிலோ இரவிலோதான் அறிகுறி தோன்றலாம். 'அடிக்கும்போது ஒன்றும் ஆகவில்லையே' என்பதை வைத்து ஆபத்து இல்லை என்று முடிவு செய்யக்கூடாது.

உங்கள் ரத்தத்திலேயே உள்ள இரண்டு காவல் நொதிகள்

முதலாவது பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ். இது கல்லீரலில் உருவாகி ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் சுற்றிவருகிறது. ரத்தத்துக்குள் நுழையும் நஞ்சை, அது நரம்பை அடையும் முன்பே இது பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு நொதி மூலக்கூறில் நஞ்சைப் பிடிக்கும் இடங்கள் சிலவே. ஓர் இடத்தில் ஒரு நஞ்சு மூலக்கூறு ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தின் வேலை முடிந்தது. ஒரு காவலர் ஒரு திருடனைப் பிடித்தபின் அவனை விட்டுவிட்டு அடுத்தவனைப் பிடிக்க முடியாதது போன்ற நிலை இது.

இரண்டாவது பாராக்சனேஸ். இது ரத்தத்தில் உள்ள நல்ல கொழுப்பான எச்.டி.எல். உடன் ஒட்டியிருக்கிறது. சில ஆர்கனோபாஸ்பேட் நஞ்சுகளை இது உடைத்து எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போகும். இதன் அளவும் வேகமும் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே வயலில் ஒரே மருந்தை அடித்த இருவரில் ஒருவருக்கு மட்டும் பாதிப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பிறந்த குழந்தைகளிடம் இந்த நொதி மிகக் குறைவு. கைக்குழந்தையை வரப்பில் கிடத்திவிட்டு மருந்து அடிப்பதும், மருந்து பட்ட சேலை, சட்டையோடு குழந்தையைத் தூக்குவதும் கூடாது என்று வலியுறுத்துவது இதனால்தான்.

காவல் நொதியின் கணக்கு

ஒருவரின் ரத்தத்தில் உள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் மொத்தமே ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான். நொதி மூலக்கூறு மிகப் பெரியது, நஞ்சு மூலக்கூறு மிகச் சிறியது. எடைக் கணக்கில் பார்த்தால், அந்த 15 மில்லிகிராம் நொதி முழுவதும் சேர்ந்து பிடித்துவைக்கக்கூடிய நஞ்சு 0.1 மில்லிகிராமுக்கும் குறைவு.

இப்போது டப்பாவைப் பாருங்கள். 36 சதவீத மோனோகுரோட்டோபாஸ் கரைசலில் 1 மி.லி.க்கு ஏறத்தாழ 360 மில்லிகிராம் நஞ்சு உள்ளது. ஒரு சிறு துளியில் மட்டும் சுமார் 18 மில்லிகிராம். தோலில் பட்ட துளி முழுவதும் உள்ளே போய்விடுவதில்லை. உள்ளே போகும் பகுதியில் ஒரு பங்கைக் கல்லீரலும் மற்ற நொதிகளும் உடைத்து வெளியேற்றும். இருந்தாலும், மூடியைத் திறந்து வெறுங்கையால் கலக்கும்போது கையில் வழியும் மருந்து, உங்கள் காவல் நொதியின் கொள்ளளவைப்போலப் பல மடங்கு என்பதை மனதில் வையுங்கள்.

ஆய்வுக்கூடங்களில் நொதி மருந்து

இந்தக் காவல் நொதியை வெளியிலிருந்து ஊசி மூலம் ஏற்றினால் என்ன என்பதே ஆராய்ச்சியின் அடிப்படை. போர் நஞ்சு மில்லிகிராம் அளவிலேயே கொல்லக்கூடியது என்பதால், அதற்கு எதிராக ஒருவருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் நொதியை முன்கூட்டியே செலுத்தினால் பாதுகாப்புக் கிடைக்கும் என்று விலங்கு ஆய்வுகளிலிருந்து கணக்கிட்டுள்ளனர். ஆனால் அவ்வளவு நொதியைப் பிரித்தெடுக்க 40 லிட்டருக்கும் அதிகமான மனிதப் பிளாஸ்மா தேவை. ஆகவே வேறு வழிகளைத் தேடினார்கள்.

ஆட்டுப்பால்: மனித நொதிக்கான மரபணுவை ஆடுகளில் புகுத்தி, பாலிலேயே நொதியைச் சுரக்க வைத்தனர். ஒரு லிட்டர் பாலில் 1 முதல் 5 கிராம் வரை நொதி கிடைத்ததாக 2007இல் ஆய்வு முடிவு வெளியானது.

புகையிலைச் செடி: அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புகையிலை இனச் செடியில் இந்த நொதியை உருவாக்கினர். அதைச் செலுத்திய எலிகளும் கினிப்பன்றிகளும் நரம்பு நஞ்சிலிருந்து தப்பின. இது 2010இல் வெளியானது.

நெல் வயல் பாக்டீரியா: விவசாயிகளுக்கு மிக நெருக்கமான கண்டுபிடிப்பு இதுவே. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், டயசினான் மருந்தைத் திரும்பத் திரும்ப இட்ட வயல்களில் அது வெகு விரைவில் வீரியம் இழப்பதைக் கவனித்தனர். மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா அந்த மருந்தையே உணவாக்கிக்கொண்டிருந்தது. இந்திய விஞ்ஞானி சேதுநாதனும் ஜப்பானிய விஞ்ஞானி யோஷிடாவும் 1973இல் அதைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். அந்த பாக்டீரியாவின் நொதி நஞ்சைப் பிடித்து வைப்பதோடு நிற்பதில்லை. ஒன்றை உடைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பின்னாளில் நரம்பு நஞ்சு ஆராய்ச்சியில் பெரிதும் ஆராயப்பட்ட நொதிகளில் இது ஒன்று. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனம் வேறொரு மண் பாக்டீரியாவிலிருந்து இதே போன்ற நொதியை எடுத்து, ஆடு குளிப்பாட்டும் தொட்டி நீரிலும் வயல் வடிநீரிலும் உள்ள மருந்து எச்சத்தை உடைக்கும் பொருளாக உருவாக்கியது.

பூச்சிமருந்து நஞ்சுக்கு ஏன் இன்னும் வரவில்லை?

முதல் காரணம் அளவு. போர் நஞ்சில் எதிர்கொள்வது மில்லிகிராம் கணக்கு. பூச்சிமருந்தில், குறிப்பாக வாய்வழியாகப் போய்விட்டால், கிராம் கணக்கு. ஒரு கிராம் குளோர்பைரிபாஸைக் கட்டிப்போட ஏறத்தாழ 240 கிராம் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் வேண்டும். அதை ஒரு மனிதரின் ரத்தத்தில் ஏற்ற முடியாது.

இரண்டாவது காரணம் நேரம். இந்த நொதி நஞ்சு நரம்பை அடையும் முன் இருந்தால்தான் பயன். விவசாயி மருத்துவமனைக்கு வரும்போது பெரும்பாலும் அந்தக் கட்டம் தாண்டிவிடுகிறது.

இது நம் ஊரிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. தானமாகப் பெற்ற ரத்தத்தின் பிளாஸ்மாவில் இந்த நொதி இயற்கையாகவே உள்ளதால், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆர்கனோபாஸ்பேட் நஞ்சால் பாதிக்கப்பட்ட 60 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பிளாஸ்மா ஏற்றினர். 2010இல் முடிவு வெளியானது. பிளாஸ்மா பெற்றவர்களின் ரத்தத்தில் நொதி அளவு கூடியது. ஆனால் நோயாளிகள் தேறுவதில் பயன் தெரியவில்லை.

பாக்டீரியா நொதிகளுக்கும் தடை உண்டு. அவை மனித உடலுக்கு அந்நியப் பொருள் என்பதால் எதிர்ப்பு சக்தி அவற்றைத் தாக்கும், ஒவ்வாமையும் வரலாம். ஆகவே, நொதி ஊசி என்பது இன்றைக்கு விவசாயிக்குக் கிடைக்கும் சிகிச்சை அல்ல. மருந்து அடிக்கும் முன் சாப்பிடக்கூடிய நொதி மாத்திரை, டானிக் எதுவும் இல்லை. அப்படி யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

தோலுக்கு வெளியிலேயே உடைக்கும் முயற்சி

நஞ்சு ரத்தத்தில் கலந்தபின் துரத்துவதைவிட, தோலில் படும்போதே உடைப்பது எளிது. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் 'இன்ஸ்டெம்' ஆராய்ச்சி நிறுவனம் இந்த வழியில் போயிருக்கிறது. இவர்கள் பயன்படுத்துவது நொதி அல்ல, நொதி செய்யும் வேலையைச் செய்யும் வேதிப்பொருள். 2018இல் தோலில் பூசும் களிம்பு ஒன்றை எலிகளில் சோதித்து வெற்றி கண்டனர். களிம்பு பூசாமல் மருந்து பட்ட எலிகள் இறந்தன, பூசியவை பிழைத்தன.

அதே கொள்கையில் துணியை உருவாக்கி, 'கிசான் கவச்' என்ற உடையை 2024 டிசம்பரில் மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங் அறிமுகப்படுத்தினார். துணியில் படும் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் மருந்துகளைத் துணியே உடைத்துவிடும். துவைத்துத் துவைத்து ஓராண்டு வரை பயன்படுத்தலாம் என்றும் விலை சுமார் 4,000 ரூபாய் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. கூலிக்கு மருந்து அடிப்பவர்கள் தனியாக வாங்குவது கடினம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ உழவர் குழுவோ சில உடைகளை வாங்கி, தெளிப்பவர்களுக்கு முறை வைத்துக் கொடுக்கலாம்.

இழந்த நொதி திரும்ப எத்தனை நாள்?

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான செய்தி இதுதான். ஆர்கனோபாஸ்பேட் கட்டிப்போட்ட நொதி ஓர் இரவு தூங்கி எழுந்தால் சரியாகிவிடாது.

- பிளாஸ்மாவில் உள்ள காவல் நொதி பழைய அளவுக்கு வர ஏறத்தாழ 4 முதல் 6 வாரம் ஆகும்.
- ரத்தச் சிவப்பணுவில் உள்ள நொதி, புதிய அணுக்கள் உருவானால்தான் திரும்பும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 சதவீதம்தான் கூடும்.
- கார்பமேட் வகையில் பிடி தளர்வானது. பெரும்பாலும் ஒரு நாளில் நொதி விடுபட்டுவிடும்.

அதாவது திங்கட்கிழமை இழந்த நொதி திரும்பும் முன்பே வியாழக்கிழமை மீண்டும் அடித்தால், மீதியிருப்பதும் குறைகிறது. வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் நொதி பாதியாகக் குறைந்துவிடலாம். அந்த நிலையில், வழக்கமாக ஒன்றும் செய்யாத அளவு மருந்தே ஆளைச் சாய்த்துவிடும். 'இருபது வருஷமாக அடிக்கிறேன், எனக்கு மருந்து பழகிவிட்டது' என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டும். உடலுக்கு இந்த நஞ்சு பழகுவதில்லை, நொதி இருப்புதான் கரைகிறது.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் தொழிலாளர்களும் 20 பேருக்கு மேல் இறந்தனர். ஆளுயரம் வளர்ந்த செடிகளுக்கு நடுவே, பாதுகாப்பு உடையின்றி, பல மருந்துகளைக் கலந்து நாள்தோறும் அடித்தது அங்கே பெரிதும் பேசப்பட்டது.

ரத்தப் பரிசோதனை

'கோலினெஸ்டரேஸ்' அல்லது 'சூடோகோலினெஸ்டரேஸ்' என்று கேட்டால் மாவட்டத் தலைநகர்களில் உள்ள பெரிய பரிசோதனைக் கூடங்களில் இந்த நொதியை அளந்து தருவார்கள். இதன் இயல்பு அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். ஆகவே ஒரே ஒரு பரிசோதனையால் பயன் குறைவு. மருந்து அடிக்கும் பருவம் தொடங்கும் முன், குறைந்தது ஒரு மாதம் இந்த மருந்துகளைத் தொடாமல் இருந்து, ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அடிப்படை அளவு. பருவத்தின் நடுவே மீண்டும் எடுத்து அதனோடு ஒப்பிடுங்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தொடர்ந்து இந்த மருந்துகளைக் கையாளும் தொழிலாளர்களுக்கு இந்தப் பரிசோதனை சட்டப்படி கட்டாயம். அங்கே பின்பற்றும் அளவுகோல்:

- அடிப்படை அளவில் 80 சதவீதத்துக்குக் கீழ் இறங்கினால் வேலை செய்யும் முறையை ஆராய்ந்து திருத்த வேண்டும்.
- சிவப்பணு நொதி 70 சதவீதமாகவோ பிளாஸ்மா நொதி 60 சதவீதமாகவோ இறங்கினால் மருந்து வேலையிலிருந்து விலக்க வேண்டும்.
- மீண்டும் 80 சதவீதத்தை எட்டினால்தான் திரும்ப வேலைக்கு விட வேண்டும்.

நம் ஊரில் இப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், பருவம் முழுவதும் கூலிக்கு மருந்து அடிப்பவர்கள் இந்த அளவுகோலைத் தங்களுக்கே வைத்துக்கொள்ளலாம். சமீபத்தில் மருந்து பாதிப்பு ஏற்பட்டவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தால், மயக்க மருந்து நிபுணரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்த்தி மருந்தை உடைப்பதும் இதே காவல் நொதிதான். அது குறைவாக இருந்தால் நோயாளி மூச்சு விடத் தாமதமாகும்.

நொதியைக் காக்க நீங்கள் செய்ய வேண்டியவை

1. தேவை இருந்தால் மட்டும் மருந்து. பொருளாதாரச் சேத நிலையைப் பார்த்து, விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைக் கரைசல், ஒட்டுண்ணிகள் ஆகியவற்றை முதலில் பயன்படுத்துங்கள்.

2. டப்பாவில் உள்ள முக்கோண நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். அதே வேலையைச் செய்யும் நீலம், பச்சை மருந்து இருந்தால் அதைக் கேளுங்கள். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு அடிக்க 2005 முதலே தடை உள்ளது.

3. இரண்டு ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளை ஒரே டேங்கில் கலக்காதீர்கள். இரண்டும் ஒரே நொதியைத்தான் தாக்கும். கலவை மருந்து வாங்கும்போதும் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று படியுங்கள்.

4. கலக்கும் நேரமே மிக ஆபத்தானது. தண்ணீர் கலக்காத மருந்து அப்போதுதான் கையில் படுகிறது. நைட்ரைல் கையுறை, கண்ணாடி அணிந்து, குச்சியால் கலக்குங்கள். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அது வேண்டாம்.

5. ஒழுகும் தெளிப்பானைப் பழுது பார்க்காமல் தோளில் ஏற்றாதீர்கள். முதுகில் வழியும் மருந்து இடுப்புக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கும். முன்கையைவிட அந்தப் பகுதித் தோல் பல மடங்கு அதிகமாக மருந்தை உறிஞ்சும். டேங்குக்கும் முதுகுக்கும் நடுவே பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம்.

6. முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை, ரப்பர் பூட்ஸ், முகக்கவசம் அவசியம். நனைந்த சட்டையை அப்போதே மாற்றுங்கள். நனைந்த துணி மருந்தைத் தோலோடு ஒட்டவைக்கும்.

7. காலையிலோ மாலையிலோ, காற்றின் போக்கில் தெளியுங்கள். அடைத்த முனையை வாயால் ஊதாதீர்கள். கை கழுவாமல் வெற்றிலை, பீடி, உணவு எதையும் தொடாதீர்கள்.

8. முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். தலைமுடி, நகக்கண், காதின் பின்புறம் விடுபடக்கூடாது. மருந்துத் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள். துவைப்பவரும் கையுறை அணிய வேண்டும்.

9. தெளிப்பு வேலையைச் சுழற்சி முறையில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் வாரம் முழுவதும் அடிக்கக்கூடாது. தலைவலி, கண் மங்கல் வந்தவர் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் வரை தெளிப்பானைத் தொடக்கூடாது.

10. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்களை மருந்து வேலையில் ஈடுபடுத்தாதீர்கள்.

நஞ்சு ஏறிவிட்டால்

- ஆளை வயலிலிருந்து வெளியே, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு வாருங்கள். உடனே 108ஐ அழையுங்கள்.
- துணியைக் கழற்றி, சோப்பும் நிறையத் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவுங்கள். உதவி செய்பவரும் கையுறை அணிய வேண்டும்.
- மயக்கமாக இருந்தால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மூச்சுப் பாதையில் எச்சில், வாந்தி அடைக்காமல் பாருங்கள்.
- வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், எண்ணெய், பால் எதையும் கொடுக்காதீர்கள். அவை நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.
- மருந்து டப்பாவையோ அதன் லேபிளையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதில் முறிவு மருந்தின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும்.

மருத்துவமனையில் அட்ரோபின் ஊசி போடுவார்கள். இது கட்டுண்ட நொதியை விடுவிக்காது. ஆனால் நெஞ்சில் சளி நிறைவதைத் தடுத்து, நாடித்துடிப்பை மீட்டு உயிரைக் காக்கும். பிராலிடாக்சைம் என்ற மருந்து கட்டுண்ட நொதியை விடுவிக்க முயலும். இதற்குக் காலக்கெடு உண்டு. நஞ்சின் பிடி போகப்போக இறுகிவிடும், இறுகியபின் விடுவிக்க முடியாது. டைமெத்தோயேட், மோனோகுரோட்டோபாஸ் வகையில் ஏறத்தாழ 4 மணி நேரத்திலேயே பாதி நொதி இறுகிவிடுகிறது. குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் வகையில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். எந்த மருந்து என்று டாக்டருக்குத் தெரிய வேண்டியதும், 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இரவைக் கடத்தக்கூடாது என்பதும் இதனால்தான்.

தேறியதுபோல் தெரிந்தாலும், டாக்டர் சொல்லும் முன் நோயாளியை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். 1 முதல் 4 நாட்களுக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல், மூச்சுத் தசைகள் தளரும் இரண்டாம் கட்டப் பாதிப்பு வரலாம். இலங்கை மருத்துவர்கள் 1987இல் இதை விரிவாக எடுத்துக்காட்டினர். அந்த நேரத்தில் செயற்கைச் சுவாசம் இல்லையென்றால் பிழைப்பது கடினம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்து அடிக்கும் முன் அட்ரோபின் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?
கூடாது. அது நஞ்சு உடலுக்குள் போவதைத் தடுக்காது. ஆரம்ப அறிகுறிகளை மட்டும் மறைத்துவிடும். நீங்கள் ஆபத்து தெரியாமல் மேலும் அடிப்பீர்கள்.

ஊமத்தையில் அட்ரோபின் இருக்கிறதாமே, அதைக் கொடுக்கலாமா?
கூடவே கூடாது. ஊமத்தையில் அந்த வகைப் பொருள்கள் எவ்வளவு இருக்கும் என்பது செடிக்குச் செடி மாறும். அதுவே இன்னொரு நஞ்சாகிவிடும்.

சாராயம் குடித்தால் மருந்து ஏறாது என்கிறார்களே?
தவறு. கவனம் தப்பும், கல்லீரல் கெடும், நஞ்சின் அறிகுறியும் போதையும் பிரித்தறிய முடியாமல் போகும்.

நல்ல சாப்பாடு சாப்பிட்டால் நொதி கூடுமா?
நொதியைக் கல்லீரல்தான் உருவாக்குகிறது. ஊட்டமான உணவும் ஓய்வும் கல்லீரலுக்கு நல்லது. ஆனால் எந்த உணவும் ஒரு வார இழப்பை ஓரிரு நாளில் ஈடுசெய்யாது. மருந்திலிருந்து விலகியிருப்பதே நொதி திரும்பும் வழி.

மீதி மருந்தை எங்கே வைப்பது?
பூட்டிய பெட்டியில், வீட்டுக்கு வெளியே, சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கும்படி வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. ஒரு பருவத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். கடன், குடும்பச் சிக்கல் போன்ற நெருக்கடியில் யாராவது மனமுடைந்து இருப்பதாகத் தெரிந்தால் மருந்தை அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்தி, அவருடன் பேசுங்கள். 104 அல்லது 14416 எண்ணில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும்.

உங்கள் பயிருக்கு ஆர்கனோபாஸ்பேட் அல்லாத மாற்று மருந்து எது என்று அறிய, அருகில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகுங்கள். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551ஐயும் கட்டணமின்றி அழைக்கலாம். கேட்கும்போது பயிர், பூச்சி ஆகியவற்றோடு, கடந்த ஒரு மாதத்தில் எந்த மருந்தை எத்தனை முறை அடித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.